கருத்தடைக்குப் பின் பெருத்துப்போன தோட்டத்து லேப்ரடார்: 41 கிலோவை எப்படி இறக்குவது?

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறோம். காவலுக்கு 5 வயதுப் பெண் லேப்ரடார் இருக்கிறது. போன வருடம் கருத்தடை செய்தோம். அதிலிருந்து பெருத்துக்கொண்டே போய் இப்போது 41 கிலோ. காலையில் அரை லிட்டர் பசும்பால், ஏழெட்டு மேரி பிஸ்கட். மதியமும் இரவுமாக இரண்டு ஆழாக்கு அரிசிச் சோறு, அதில் கால் கிலோ கோழித் தோலும் கழுத்தும், ஒரு டம்ளர் தயிர். அவ்வளவுதான் போடுகிறோம். களத்தை ஒரு சுற்று சுற்றினாலே மூச்சு வாங்குகிறதுங்க. சோற்றை அடியோடு நிறுத்திவிடலாமா? பைக்கில் கட்டி ஓடவிட்டால் இறங்குமா?

பதில்: இரண்டும் வேண்டாம். சோறு இருக்கட்டும், அளவு மாறவேண்டும். பைக்கை மறந்துவிடுங்கள்.

"அவ்வளவுதான் போடுகிறோம்" என்கிறீர்கள். கூட்டிப் பார்ப்போம். ஆழாக்கு அரிசி சுமார் 140 கிராம். இரண்டு ஆழாக்கில் 1,000 கலோரி வந்துவிடும். கோழித் தோலும் கழுத்தும் கால் கிலோவுக்கு 700, பால் 330, பிஸ்கட் 190, தயிர் 120. மொத்தம் 2,300-ஐத் தாண்டுகிறது. உங்கள் நாய் 30 கிலோவில் இருந்தால் நாளுக்குச் சுமார் 1,400 போதும். கருத்தடைக்குப் பின் தேவை கால் பங்கு வரை குறையும், பசியோ கூடும். பழைய அளவையே தொடர்ந்து போட்டால் இதுதான் நடக்கும்.

இது தட்டில் விழுகிற கணக்கு மட்டும். தென்னந்தோப்பு நாய் தட்டுக்கு வெளியே தின்பதுதான் பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை. உலர்களத்தில் காயும் கொப்பரை 100 கிராமுக்கு 650 கலோரிக்கு மேல். உரிக்கும் இடத்தில் உடைந்து கிடக்கும் பருப்பு, தேங்காய் பறிக்க வந்தவர்கள் தூக்குவாளியில் மிச்சம் வைத்த சோறு, கன்றுக்குட்டியின் தீவனத் தொட்டி, பக்கத்து வீட்டுப் பாட்டி போடும் முறுக்கு, எல்லாம் இதில் சேரும். மூன்று நாள் யாராவது ஒருவர் நாயின் பின்னாலேயே இருந்து, வாயில் போவதையெல்லாம் எழுதி வையுங்கள். அந்தத் தாள் இல்லாமல் பட்டியல் போட்டுப் பயனில்லை. பூசணம் பிடித்த கொப்பரை என்றால் கொழுப்போடு போகாது. அந்தப் பூசணத்தில் உண்டாகும் அஃப்லாடாக்சின் என்ற நச்சு நாயின் ஈரலைக் கெடுத்துவிடும்.

லேப்ரடார் எவ்வளவு போட்டாலும் இன்னும் கேட்கும் என்பது வெறும் குணமில்லை. அந்த இனத்தில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு, பசி அடங்கியதை மூளைக்குச் சொல்லும் மரபணுவிலேயே ஒரு துண்டு விடுபட்டிருப்பதை 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆகவே, அது பார்க்கிற பார்வையை வைத்து அளவு போடாதீர்கள்.

எடைக் கருவியைவிட உங்கள் கை நம்பகமானது. ஒரு கையை மடக்கி முஷ்டியாக்கி, மேலே தூக்கி நிற்கும் முட்டிகளைத் தடவுங்கள். நாயின் விலா அப்படி இருந்தால் மெலிவு. கையை நீட்டி, புறங்கையில் அதே முட்டிகளைத் தடவுங்கள். மெல்லிய தோலுக்கடியில் எலும்பு தட்டுப்படும். அதுதான் சரியான உடம்பு. உள்ளங்கையைத் திருப்பி, விரல்களின் அடியில் உள்ள மெத்தென்ற மேட்டை அழுத்தினால் எலும்பைத் தேடவேண்டியிருக்கும். உங்கள் நாயின் விலா இப்போது அப்படித்தான் இருக்கும். மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் இடுப்பு உள்ளே ஒடுங்கவேண்டும்.

உணவைக் குறைக்கும் முன் ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் உடம்பு போடும். இரு விலாவிலும் ஒரே மாதிரி முடி உதிர்வது, வாலில் முடி கொட்டி எலி வால் போலாவது, எந்நேரமும் சோம்பிக் கிடப்பது அதன் அடையாளங்கள். தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்து, வயிறு மட்டும் தொங்கினால் வேறு நோயைத் தேடவேண்டும். மூச்சு வாங்குவதற்கு இதயமோ குரல்வளையோ காரணமா என்பதையும் பார்த்துவிடுவார்கள்.

இனி அளவு. கைபேசிக் கால்குலேட்டர் போதும். நாய் எட்டவேண்டிய எடையை மூன்று முறை பெருக்குங்கள்: 30×30×30 = 27,000. வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் 12.8 வரும். அதை 70-ஆல் பெருக்கினால் சுமார் 900. எடை இறக்க இதுவே ஒரு நாள் கலோரி. 41-ஐப் போட்டுக் கணக்கிடாதீர்கள், கொழுப்புக்கும் சேர்த்துச் சோறு போட்டதாகிவிடும்.

இந்த 900-ஐ இப்படிப் பிரிக்கலாம். அரிசி அரை ஆழாக்கு, வேகவைக்கும் முன் அளந்தது. தோலும் எலும்பும் நீக்கிய கோழிக்கறி 300 கிராம், பச்சையாக நிறுத்தது. அவித்த முட்டை ஒன்று. மஞ்சள் பூசணியும் பீன்ஸும் கலந்து கால் கிலோ, உப்பு இல்லாமல் குழைய வேகவைத்தது. சமையல் எண்ணெய் ஒரு தேக்கரண்டி. உப்பும் வெங்காயமும் போடாத நீர்மோர் ஒரு டம்ளர். எல்லாம் சேர்த்து 820 வரும். மீதி 80 கலோரிக்கு வெள்ளரி, கேரட் துண்டுகளைப் பகலில் கொடுத்துக்கொள்ளலாம். பாலும் பிஸ்கட்டும் இனி கிடையாது. வெங்காயம், பூண்டு, திராட்சை எக்காலத்திலும் ஆகாது.

எலும்பில்லாத கறியில் சுண்ணாம்புச் சத்து போதாது. கழுவி, வறுத்து, மாவாக அரைத்த முட்டை ஓடு நாளுக்கு 4 கிராம் கலந்துவிடுங்கள். வைட்டமின், துத்தநாகம் முதலியவற்றுக்கான மருந்தை மருத்துவர் எழுதித் தரவேண்டும், வீட்டுச் சமையலில் அவை கட்டாயம் விடுபடும். இவ்வளவு மெனக்கெட முடியாது என்றால் எடைக்குறைப்புக்கென்றே வரும் உலர் தீவனம் வாங்கலாம். பொட்டலத்தில் 100 கிராமுக்கு 300 கலோரி என்று போட்டிருந்தால் நாளுக்கு 300 கிராம், அதற்கு மேல் ஒரு பிடி சோறுகூடக் கிடையாது. சாதாரணத் தீவனத்தையே பாதியாக்கினால் சத்தும் பாதியாகும்.

அளவைத் தராசில் நிறுங்கள், கரண்டிக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். பழையதிலிருந்து புதியதுக்கு 7 நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாறுங்கள், ஒரே நாளில் மாற்றினால் கழியும். இரண்டு வேளையை மூன்றாகப் பிரித்தால் கெஞ்சல் குறையும்.

இங்கேதான் தோட்டக்காரர்கள் கவனிக்கவேண்டிய ஆபத்து. அளவு குறைந்த நாய் மேய்ச்சலுக்குக் கிளம்பும். தென்னைக்கு ஆமணக்குப் புண்ணாக்கு வைப்பீர்கள் என்றால் மூட்டையைப் பூட்டி வையுங்கள், வட்டப்பாத்தியில் போட்டதும் மண் மூடி, சில வாரம் நாயைக் கட்டி வையுங்கள். அதன் வாசம் நாய்க்குப் பிடிக்கும், அதிலுள்ள ரிசின் என்ற நச்சு கொல்லும். எலிக்கு வைக்கும் கேக் மருந்தும் அப்படியே, மரக் கொண்டையில் வைத்தது கீழே விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். களத்தில் கொப்பரை கிடக்கும் நாட்களில் வலை வேலியோ சங்கிலியோ அவசியம்.

உடற்பயிற்சியால் மட்டும் எடை இறங்காது. இந்த நாய் 2 கிலோமீட்டர் நடந்தால் செலவாவது 80, 90 கலோரி, நாலு மேரி பிஸ்கட்கூட இல்லை. ஆனால் உணவைக் குறைக்கும்போது தசை கரையாமல் இருக்க நடை வேண்டும். காலை 7-க்கு முன்பும் மாலை 6-க்குப் பின்பும், தார் ரோட்டை விட்டு வண்டிப்பாதையில் நடத்துங்கள். முதல் இரண்டு வாரம் வேளைக்கு 10 நிமிடம், பிறகு வாரம் 5 நிமிடம் கூட்டி 40 வரை போகலாம். மறுநாள் எழும்போது பின்னங்கால் நொண்டினால் பழைய அளவுக்குத் திரும்புங்கள்.

பைக் ஏன் கூடாது என்றால், நாய் தன் வேகத்தில் நிற்க முடியாது. கனத்த லேப்ரடாருக்குப் பின்னங்கால் முட்டியில் உள்ள தசைநார் அறுவது சாதாரணம், அறுந்தால் அறுவை சிகிச்சைதான். நாய்க்கு வெப்பம் பெரும்பாலும் மூச்சு வழியேதான் வெளியேறும், கொழுப்பு போர்வை மாதிரி அதைத் தடுக்கும். ஈறு செங்கல் நிறமாகி, எச்சில் கொட்டி, தள்ளாடினால் வெப்பத் தாக்கு. உடனே குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, காற்றுப் படவைத்து, மருத்துவரிடம் ஓடுங்கள்.

நீச்சல் மூட்டுக்கு நல்லது, லேப்ரடாருக்குப் பிடிக்கும். ஆனால் பிளாஸ்டிக் தாள் விரித்த பண்ணைக்குட்டையில் விடவே விடாதீர்கள். நகம் பிடிக்காமல் வழுக்கி, ஏற முடியாமல் களைத்து மூழ்கும். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலின் சிமென்ட் கரையும் இழுப்பும் அதைவிட மோசம். சரிவாக மண் கரை உள்ள குட்டையில், நீளக் கயிறு கட்டி, முதலில் 5 நிமிடம் போதும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே தராசில், வெறும் வயிற்றில் நிறுங்கள். கொப்பரை நிறுக்கும் மேடைத் தராசே போதும். வாரத்துக்கு 400 முதல் 800 கிராம் வரை இறங்கலாம். அதற்கு மேல் இறங்கினால் தசையும் போகிறது, 10 சதவீதம் கூட்டுங்கள். இரண்டு நிறுவையிலும் முள் நகரவில்லை என்றால் முதலில் தோட்டத்து ஆட்களையும் பாட்டியையும் விசாரியுங்கள், அப்புறம் 10 சதவீதம் குறையுங்கள். 11 கிலோ இறங்க ஆறேழு மாதம் ஆகும். 2002-ல் வெளியான ஆய்வொன்றில் 48 லேப்ரடார்களை ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். கால் பங்கு குறைவாகத் தின்றவை ஏறக்குறைய 2 வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுவலியும் தள்ளியே வந்தது.

30 கிலோவை எட்டியதும் பழைய சட்டிக்குத் திரும்பக்கூடாது. மாதம் 100 கலோரி வீதம் கூட்டி, எடை நிலைத்து நிற்கும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் நாய்க்கு அது 1,200-லேயே நின்றாலும் நிற்கலாம்.