வேணும், விசுவாசம்

ஐயா, வணக்கம்.

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையில், பரதவர் கத்தோலிக்கர் ஆனதை ‘ஓர் ஒப்பந்தம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். அதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. கல்லூரியில் என் பெயருக்குப் பின்னால் இருக்கும் ‘பர்னாந்து’வைப் பார்த்து, ‘பறங்கிக்காரன் விலைக்கு வாங்கிய கூட்டம்’ என்று ஒருவன் சொன்னான். நீங்கள் சொன்னதும் அதுதானே, கொஞ்சம் மரியாதையான தமிழில்?

என் பாட்டிக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. பனிமய மாதாவின் தங்கத் தேர் வரும்போது இன்றும் கைகூப்பி அழுவார். ஒப்பந்தத்துக்காக யாராவது அழுவார்களா? எங்கள் முன்னோர்கள் நம்பினார்களா, பேரம் பேசினார்களா? நேராகப் பதில் சொல்லுங்கள்.

ஒரு வாசகர்

தம்பிக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. ஒப்பந்தம் என்ற சொல்லை நான் திரும்பப் பெறப்போவதில்லை. ஆனால் நூற்றிருபது ஆண்டுக் கதைக்கு அந்த ஒரு சொல் போதும் என்று நினைத்தேனே, அது பிழை. தொடக்கத்துக்கு மட்டும் பொருந்தும் சொல் அது.

அந்தத் தொடக்கம் 1530களில். முத்துப் பார்களில், அதாவது கடலடியில் முத்துச்சிப்பி கிடக்கும் திட்டுகளில், மூழ்கியவர்கள் பரதவர். குளிப்பின் மீதும் வணிகத்தின் மீதும் பிடி வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் வணிகர்கள், அவர்களும் இதே கரையில் வேரூன்றிய தமிழ்க் கடலோடிகள்தான். மேலே வரி கேட்க அரசர்களும் சிற்றரசர்களும் இருந்தார்கள். தூத்துக்குடியில் ஒரு பெண்ணை அவமதித்ததில் தொடங்கிய சண்டை, காதணியோடு காதை அறுக்கும் அளவுக்கு முற்றி, இரு பக்கமும் வெட்டிக்கொண்டதாகப் பாதிரிமாரின் பதிவுகள் சொல்கின்றன. எழுதியவர்கள் ஒரு கட்சிக்காரர்கள் என்பதால் அதில் எத்தனை வீதம் உப்பு, எத்தனை வீதம் மீன் என்று பிரிப்பது கடினம். ஆனால் பரதவர் நெருக்கடியில் இருந்தார்கள் என்பதில் ஐயமில்லை.

அப்போது அந்தப் பக்கம் குதிரை விற்க வந்தவர் ஜோவாவ் த குருஸ். கள்ளிக்கோட்டைக்காரர், தாமே மதம் மாறியவர். போர்த்துக்கீசரிடம் போங்கள், ஞானஸ்நானம் வாங்குங்கள், அவர்கள் கப்பல் உங்களைக் காக்கும் என்பது அவருடைய யோசனை. பரதவத் தலைவர்கள் கொச்சிக்குப் போனார்கள். 1536, 37இல் குருமார்கள் வந்து ஊர் ஊராக ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ஏறத்தாழ இருபதாயிரம் பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. இதில் இயேசு சபைக்குப் பங்கில்லை. அந்தச் சபைக்கு ரோமாபுரியில் அனுமதி கிடைத்ததே 1540இல்தான். யாரும் பிரசங்கம் செய்து யாரையும் உருக வைக்கவில்லை. கொடுத்தவர்களுக்கு மொழி தெரியாது, வாங்கியவர்களுக்கு ஜெபம் தெரியாது. தண்ணீர் ஊற்றிவிட்டுக் கப்பலேறிவிட்டார்கள்.

1542இல் இயேசு சபைக் குருவான பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தபோது மக்களிடம் எதை நம்புகிறீர்கள் என்று கேட்டார். நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர அவர்களால் வேறு எதுவும் சொல்ல முடியவில்லை. இதை அவரே தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஆகவே உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு நேரான பதில்: ஆம், பேரம்தான். ஆனால் உங்கள் கல்லூரி நண்பர் சொல்வதுபோல விலை போனவர்கள் அல்லர் உங்கள் முன்னோர்கள். அவர்களே தூது அனுப்பி, நிபந்தனை பேசி, ஏழு கடல்துறைக்காரர்களும் ஒரே முடிவாக எடுத்த பேரம் அது. விலைக்கு வாங்கப்பட்டவன் கொச்சி வரை போய்ப் பேசிக்கொண்டிருக்க மாட்டான்.

நல்ல பேரமா என்றால், சந்தேகம். 1538இல் மண்டபத்துக்கு அருகே வேதாளையில் போர்த்துக்கீசக் கடற்படைத் தலைவர் மார்த்தீம் அபோன்சோ த சூசாவின் கப்பல்கள் எதிர்ப்படையை முறியடித்தன. முத்துக் கரை போர்த்துக்கீசர் பிடிக்குள் வந்தது. பரதவருக்குப் பழைய எசமானர் போய்ப் புதிய எசமானர் வந்தார், வரி நின்றபாடில்லை. 1544இல் வடுகர் படை (விசயநகரத்தின் தெலுங்குப் படை) கரையைச் சூறையாடியபோது மக்கள் கன்னியாகுமரிக்கு அருகே கடலில் நின்ற பாறைகளில் ஏறி ஒளிந்தார்கள். தண்ணீரும் சோறும் இல்லாமல் அங்கேயே பலர் செத்தார்கள். சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவு ஏற்றிப் புறப்பட்டார். காற்று எதிர்த்தது. கடல் வழியை விட்டுக் கால்நடையாகப் போனார். அதே நேரத்தில் தூத்துக்குடியில் இருந்த போர்த்துக்கீசக் கப்பித்தான் கோஸ்மே த பைவா என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? அந்த வடுகருக்கே குதிரை விற்றுக்கொண்டிருந்தார். சவேரியாரின் கடிதங்களில் அவருக்கு எதிரான கசப்பு கொப்பளிக்கிறது. பாதுகாப்புக்காகச் சேர்ந்தவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு இந்த லட்சணத்தில் இருந்தது.

இனி உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி. அதற்கு நான் ஒரு சிறிய கடிதத்தைத்தான் காட்ட முடியும்.

சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் ஓரளவு தெரிந்தவர்களைக் கூட்டி உட்காரவைத்து ஜெபங்களைத் தமிழாக்கினார், அதை மனப்பாடம் செய்தார், கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். விசுவாசப் பிரமாணத்தை, அதாவது கிறிஸ்தவர்கள் தங்கள் நம்பிக்கையை அறிக்கையிடும் ஜெபத்தை, அந்தக் குழு மொழிபெயர்த்தபோது ‘நம்புகிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்று போட்டுவிட்டது. ‘எனக்குக் கடவுள் வேணும்’ என்பதுபோல. ஆயிரக்கணக்கான பேர் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1544இல் கரையின் இன்னொரு பகுதியில் இருந்த தோழர் மன்சிலாசுக்கு அவர் கடிதம் எழுதி அதைத் திருத்தச் சொல்கிறார்: ‘வேணும்’ என்றால் விரும்புகிறேன் என்று பொருளாம், ‘விசுவாசம்’ என்று மாற்றிச் சொல்லிக்கொடுங்கள்.

நான் இதை முதலில் படித்தபோது சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. 1536இல் கொச்சிக்குப் போனவர்களின் மனநிலைக்கு ‘வேணும்’ என்பதைவிடச் சரியான மொழிபெயர்ப்பு உண்டா? அந்தக் குழுவில் இருந்த யாரோ ஒரு தமிழன், தன் மக்கள் உண்மையில் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறான். ‘வேணும்’ ‘விசுவாசம்’ ஆக எத்தனை தலைமுறை ஆனது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அந்த வேலையைச் செய்தவர்கள் ஐரோப்பியர்கள் அல்லர். விரல்விட்டு எண்ணக்கூடிய பாதிரிமார் இத்தனை ஊர்களுக்கு எங்கே போதும்? ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையைச் சவேரியார் நியமித்தார். ஆம், அந்தத் தமிழ்ச் சொல்லைத்தான் தம் போர்த்துக்கீசக் கடிதங்களில் அவரும் எழுதுகிறார். ஜெபம் சொல்லிக்கொடுப்பதும் சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும் அவர்கள் பொறுப்பு. அவர்களுக்குச் சம்பளம்? முத்துக் கரையிலிருந்து போர்த்துக்கல் அரசிக்குச் செருப்புச் செலவுக்கென்று ஆண்டுக்கு 4,000 பணம் போய்க்கொண்டிருந்தது. அரசி கத்தரீனாவிடம் அதைக் கேட்டு வாங்கினார் சவேரியார். இந்தப் பிள்ளைகளைவிடச் சிறந்த செருப்பு உங்களைச் சொர்க்கத்துக்குக் கொண்டுபோகக் கிடைக்காது என்ற கருத்தில் எழுதினாராம். பரதவரின் முத்துக் காசு லிஸ்பன் போய், செருப்பாகாமல் திரும்பி வந்து கணக்கப்பிள்ளைக்குக் கூலியானது.

சவேரியாரைப் புனிதராக மட்டும் எழுதிவிட்டுப் போவது எனக்கு உடன்பாடில்லை. சிறுவர்களை அழைத்துப் போய் வீட்டுச் சிலைகளை உடைக்கவைத்ததை அவர் பெருமையோடு எழுதுகிறார். அந்தச் சிலைகளைக் கும்பிட்ட பெற்றோர்களும் தாத்தாக்களும் அங்கேயே நின்றிருப்பார்கள். அந்த வலி எந்தக் கடிதத்திலும் இல்லை. அதுவும் உங்கள் குடும்ப வரலாறுதான்.

அவருக்குப் பின் வந்த என்ரிக் என்ரிக்கஸ் என் மனதுக்கு நெருக்கமானவர். யூத வழியில் வந்தவர் என்பதற்காகப் போர்த்துக்கல்லில் ஒரு துறவு சபை வெளியேற்றிய மனிதர். 1546இல் இந்தியா வந்தார், புன்னைக்காயலை மையமாகக் கொண்டு ஐம்பது ஆண்டுக்கு மேல் இந்தக் கரையிலேயே இருந்து 1600இல் இறந்தார். தமிழுக்கு இலக்கணம் எழுதினார். 1578இல் கொல்லத்தில் அச்சான அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறு பக்கம்தான். இந்திய மொழி ஒன்றின் சொந்த எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம் அது. ஓலையில் எழுதிய வழக்கப்படி புள்ளி இல்லை, எகர ஏகார வேறுபாடும் இல்லை. அச்சு வேலைக்குப் பரதவர் பணம் கொடுத்தார்கள். நாற்பது ஆண்டுக்கு முன் ஒரு ஜெபம்கூடத் தெரியாமல் இருந்தவர்கள், தங்கள் மொழியில் ஜெபப் புத்தகம் வரக் காசு போடுகிறார்கள். பாதுகாப்புக்கு எதற்குப் புத்தகம்?

எல்லாம் மாறிவிட்டது என்றும் எண்ணிவிடாதீர்கள். சாதி அப்படியே கோவிலுக்குள் வந்தது, சாதித் தலைவரின் அதிகாரம் முன்பைவிட இறுகியது. 1544இல் சவேரியாரிடம் ஞானஸ்நானம் பெற்ற முக்குவர் என்ற மீனவச் சாதியாரும் பரதவரும் ஒரே பூசைக்குரியவர்கள் ஆனார்கள், ஒரே சாதி ஆகவில்லை. முத்துக்குளிப்பில் சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் வேலை ஒன்று உண்டு. 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ அதைப் பிராமணர்கள் செய்ததாகவும், எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு வாங்கியதாகவும் எழுதினார். 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயக் குறிப்பு ஒன்றில் அந்த வேலையைச் செய்கிறவர் ரோமன் கத்தோலிக்கர். சுறாவுக்கு அதில் ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை.

உங்கள் நண்பர் வாயிலிருந்து வந்த ‘பறங்கி’ என்ற சொல்லுக்கும் வயது அதிகம். ராபர்ட் தெ நொபிலி என்ற இத்தாலியப் பாதிரி 1606இல் மதுரைக்கு வந்தபோது, அங்கே முன்பே இருந்த கொன்சாலோ பெர்னாந்தஸ் என்ற பாதிரியால் பல ஆண்டுகளாக உள்ளூர்க்காரர் எவரையும் மதம் மாற்ற முடியவில்லை. ‘பறங்கிக் குலத்தில் சேருகிறாயா’ என்று கேட்டால் யார் வருவார்கள்? நொபிலி காவி கட்டினார், தாம் பறங்கி இல்லை என்றார், கடலோரக் கிறிஸ்தவர்களிடமிருந்து விலகி நின்றார். கடவுளுக்குத் தம்பிரான் என்ற சொல்லை விட்டுச் சர்வேசுரன் என்பதை எடுத்தார். அதாவது பரதவரைப் பறங்கி என்று ஒதுக்கியதில் ஒரு பாதிரிக்கே பங்குண்டு. (அந்த நண்பருக்குச் சொல்ல ஜன்னல், சாவி, அலமாரி என்று போர்த்துக்கீசரிடமிருந்து தமிழுக்கு வந்த சொற்களின், எல்லோரும் எடுத்துவிடும் பட்டியலை நானும் எடுத்துவிடலாம். வேண்டாம், அலுத்துவிட்டது.)

கடைசியாக, 1658. அந்த ஆண்டு டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள், மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். பாதிரிமார் விரட்டப்பட்டனர். முத்தும் சங்கும் இனி டச்சுக் கம்பெனியின் கையில். பிலிப் பல்தேயுஸ் என்ற டச்சுப் போதகர் வந்து சீர்திருத்த (புராட்டஸ்டண்டு) மதத்துக்கு அழைத்தார். 1536இல் இருந்த அதே நிலைமை: கடலில் வலிமை உள்ளவன் ஒருவன், அவன் மதம் ஒன்று, அதை ஏற்றால் அனுகூலம். பேரம் மட்டுமே உங்கள் முன்னோர்களின் மதம் என்றால் அன்று கணக்கு மிக எளிது. ஒப்பந்தத்தின் மறுகட்சிக்கோ இந்தக் கரையில் இனி ஒரு கப்பலை அனுப்பக்கூட வலு இல்லை.

அவர்கள் மாறவில்லை. டச்சுக்காரரின் கைக்கு எட்டாமல் ஊருக்கு வெளியே போய்ப் பூசை கண்டார்கள். பல்தேயுஸ் அவர்களின் பிடிவாதத்தைப் பற்றி அலுத்துக்கொண்டு எழுதிவைத்திருக்கிறார். எனக்குத் தெரிந்து உங்கள் பாட்டியின் கண்ணீருக்கு ஆதரவாக எழுதப்பட்ட மிக நல்ல சாட்சியம், அவர்களைப் பிடிக்காத ஒருவர் எழுதிய அந்தப் பக்கங்கள்தான். என் கட்டுரையில் 1536 இருந்தது, 1658 இல்லை. அதைச் சேர்த்துத் திருத்தி எழுதுகிறேன்.

ஒரு உதவி வேண்டும். பாட்டி பழைய முறையில் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தை அவர் குரலிலேயே பதிவு செய்து அனுப்ப முடியுமா? அச்சுப் புத்தகத்தில் இருப்பது என்னிடம் இருக்கிறது. ‘சர்வேசுரனை விசுவசிக்கிறேன்’ என்ற அந்த வரியை அவர் எப்படி உச்சரிக்கிறார் என்று கேட்க ஆசையாக இருக்கிறது.