நாள் வாடகை வீட்டைச் சுத்தம் செய்பவருக்குக் கூலி எப்படிப் பேசுவது?

கொடைக்கானலில் இரண்டு படுக்கையறை வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் நீங்கள், மாதச் சம்பளமா, முறைக்கு இவ்வளவா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்ததுதான் நியாயம் என்பேன்.

ஏப்ரல், மே மாதங்களில் வீடு காலியாகவே இருக்காது. மழைக்காலத்தில் நாள்கணக்கில் பூட்டிக் கிடக்கும். அப்போது அவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? அதனால் மாதம் ஒரு நிலையான தொகை, அதற்கு மேல் ஒவ்வொரு முறைக்கும் கூலி என்று பேசுங்கள். ஆள் இல்லாத நாட்களிலும் ஜன்னலைத் திறந்துவிட்டு, கம்பளியை வெயிலில் போட்டு எடுக்க ஒருவர் வேண்டும். அந்த ஈரத்துக்கு மெத்தையெல்லாம் பூஞ்சை பிடித்துவிடும்.

முறைக்கூலிக்கு, ஒருநாள் அவரோடு நின்று நேரத்தைப் பாருங்கள். பதினொரு மணிக்கு ஒரு குடும்பம் கிளம்பும், இரண்டு மணிக்கு அடுத்தது வரும். குளியலறை வடிகட்டியில் சிக்கிய முடி, கட்டிலுக்கடியில் பிஸ்கட் தூள், அடுப்பில் பொங்கிக் காய்ந்த பால், எல்லாம் அந்த மூன்று மணி நேரத்துக்குள். அதற்காக அவர் வேறு வேலைக்குப் போக முடியாது, எனவே உள்ளூர் அரைநாள் கூலிக்குக் குறையவே கூடாது.

விரிப்பு துவைப்பதற்குத் தனிக் கணக்கு. கட்டிலுக்கு மூன்று செட் வைத்திருங்கள், மழையில் காயாது.

அப்புறம், ஒரு இரவு தங்கினாலும் மூன்று இரவு தங்கினாலும் சுத்தம் செய்யும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான். வீட்டை நாள் வாடகைக்கு விடும் இணையதளமான ஏர்பிஎன்பியில் (Airbnb) அதைத் தனிக் கட்டணமாகவே போடலாம்.