வாசகர் கேள்வி – பதில்: ஜெர்மனியில் முதல் வாரம்

கேள்வி: ஜெர்மன் மொழி படிக்க அடுத்த மாதம் ஜெர்மனி செல்கிறேன். இறங்கியதும் முதல் வேலை எது?

பதில்: முகவரிப் பதிவு. 'அன்மெல்டுங்' என்பார்கள். குடிபுகுந்த 2 வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் செய்ய வேண்டும். பாஸ்போர்ட்டுடன், நீங்கள் குடிவந்ததை உறுதிசெய்து வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாளும் தேவை. வாடகை ஒப்பந்தம் அதற்கு ஈடாகாது. பலர் திருப்பி அனுப்பப்படுவது இங்கேதான். பெரிய நகரங்களில் அலுவலகத்தில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு. விமானம் ஏறும் முன்பே அந்த நேரத்தை இணையத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள்.

அடுத்தது சின்ன விஷயம்தான், ஆனால் ஆளைப் படுத்திவிடும்: தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். அடுக்குமாடிகளில் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். வங்கி அட்டை ஒரு கடிதத்திலும் ரகசிய எண் வேறொன்றிலும் வரும். பெயர் இல்லையென்றால் இரண்டும் திரும்பிப் போகும். இனிஷியலை மட்டும் எழுதாமல், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே முழுப்பெயரை எழுதுங்கள்.

ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

கேள்வி: ஏ2 (ஜெர்மன் மொழிப் படிப்பின் இரண்டாம் நிலை) முடித்தவருக்கும் அங்கே பேச்சு புரியாதாமே?

பதில்: முதலில் தடுக்குவது எண்களில். 21 என்பதை 'ஐன்-உன்ட்-ஸ்வான்சிக்', அதாவது 'ஒன்றும் இருபதும்' என்பார்கள். காதில் விழும் வரிசையிலேயே எழுதினால் 12 ஆகிவிடும். 'ஹால்ப் ட்ரை' என்றால் மூன்றரை அல்ல, இரண்டரை மணி. வகுப்புக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நிற்பீர்கள்!