பாடம் முழுதும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

உங்கள் மகள் நாள் முழுக்கப் படிக்கிறாள், ஆனால் மாதிரித் தேர்வு எழுதச் சொன்னால் மட்டும் தள்ளிப்போடுகிறாள் என்றால், அவளுடைய புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். முதல் சில பாடங்கள் அடிக்கோடுகளால் நிறைந்திருக்கும். கடைசிப் பாடங்கள் வாங்கியபோது இருந்த மாதிரியே இருக்கும். நோட்டில் பல வண்ணங்களில் அழகான குறிப்புகள் இருக்கும். இதைச் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். அரைகுறையாகத் தெரிந்த நிலையில் தேர்வெழுதித் தன் தவறுகளைப் பார்க்க நேருமே என்ற அச்சம் அது. “இன்னும் ஒரு ரிவிஷன் முடிச்சிட்டு எழுதறேன்” என்பது இப்படித்தான் மாதக்கணக்கில் நீள்கிறது.

படித்ததையே திரும்பப் படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். பார்த்த வரி மறுபடி கண்ணில் படுவதால் வரும் உணர்வு அது. புத்தகத்தை மூடிவிட்டு எழுதச் சொன்னால் வராது. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியை நான்கு முறை படித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். ஒருமுறை மட்டும் படித்து, மூன்று முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 61 சதவீதம் நினைவிருந்தது. நான்கு முறை படித்தவர்களுக்கு 40 சதவீதம்தான்.

கணக்குக்கும் இது பொருந்தும். 2007-ல் ரோரர், டெய்லர் இருவரும் கல்லூரி மாணவர்களுக்குக் கன அளவு காணும் நான்கு வகைக் கணக்குகளைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு வகையையும் தனித்தனியாகப் போட்டுப் பழகியவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள். கலந்து போட்டவர்கள் 60 சதவீதம். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முதல் குழு 20 சதவீதம், கலந்து பழகிய குழு 63. எந்த வகைக் கணக்கு என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. தலைப்பு வாரியாகப் போடும்போது அந்த வேலைக்குப் பழக்கமே கிடைப்பதில்லை. பயிற்சியில் மார்க் குறைந்தால் பெற்றோர் பதறுவது இயல்பு. ஆனால் அந்தக் குறைந்த மார்க்குக்குள்தான் கற்றல் நடக்கிறது.

சிலபஸில் மூன்றில் ஒரு பங்கு முடிந்ததுமே தேர்வெழுதத் தொடங்கலாம். வாரத்துக்கு இரண்டு சிறு தேர்வுகள் போதும்: 30 கேள்விகள், 45 நிமிடம், முடித்த பாடங்களிலிருந்து கலந்து எடுத்தவை. முக்கால் பங்கு முடிந்தபின் இரண்டு வாரத்துக்கு ஒரு முழுத் தேர்வு, கடைசி இரண்டு மாதங்களில் வாரம் ஒன்று. போன் வேறு அறையில் இருக்கட்டும். நடுவில் எழுந்து போகக் கூடாது. ஒவ்வொரு கேள்விக்கும் உடனே விடையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் அது தேர்வே ஆகாது.

தேர்வு எழுதியதோடு வேலை முடிவதில்லை. மூன்று மணி நேரத் தேர்வென்றால், தவறுகளை அலசவும் அதே அளவு நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதச் சொல்லுங்கள். பாடமே தெரியவில்லையா, தெரிந்தது மறந்ததா, கேள்வியைத் தப்பாகப் படித்ததா, கூட்டல் கழித்தலில் சறுக்கியதா, நேரம் போதவில்லையா? மருந்து ஒவ்வொன்றுக்கும் வேறு. பாடம் தெரியாவிட்டால் புத்தகத்துக்குத்தான் போக வேண்டும். ‘எது சரியல்ல’ என்ற கேள்விக்குச் சரியானதைத் தேர்ந்தெடுக்கிறவள் அதே பாடத்தை மறுபடி படிப்பதால் பயனில்லை. கேள்வியின் கடைசி வரியை அடிக்கோடிட்டுவிட்டு விடைக்குப் போகும் பழக்கம் வேண்டும். ‘கவனக்குறைவு’ என்று ஒரே சொல்லில் முடிக்க விடாதீர்கள். பத்தில் ஏழு தவறு அந்தப் பெயரில் இருந்தால் அலசல் நடக்கவில்லை என்று பொருள்.

தவறிய கேள்விகளுக்கென்று ஒரு தனி நோட்டு. விளக்கத்தைப் படித்துத் தலையாட்டுவதோடு விடாமல், மூன்று நாள் கழித்து ஒருமுறை, பத்து நாள் கழித்து இன்னொருமுறை, விளக்கத்தைப் பார்க்காமல் அதே கேள்வியைப் போட வேண்டும். இரண்டு முறையும் சரியாக வந்தால் அடித்துவிடலாம்.

எல்லாம் தெரிந்தால்தான் நல்ல மார்க் என்பது கணக்குப்படியும் சரியில்லை. 90 கேள்விகள், சரிக்கு 4, தவறுக்கு 1 கழிவு என்று வைத்துக்கொள்வோம். நிச்சயமாகத் தெரிந்த 45-ஐ மட்டும் தொட்டு எல்லாவற்றையும் சரியாகச் செய்தால் 180. 60 கேள்விகளைத் தொட்டு 8 தவறு செய்தால் 200. அதற்காக எல்லாவற்றையும் தொடச் சொல்லவில்லை: 85 எழுதி 35 தவறினால் 165தான். எதைத் தொடலாம், எதை விடலாம் என்ற இந்த மதிப்பீடு புத்தகத்தில் கிடைக்காது. பல தேர்வுகளில் தவறிப் பார்த்தால்தான் கைவரும். 180 நிமிடத் தேர்வில் ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம். மூன்று நிமிடம் கடந்தும் வழி தெரியவில்லை என்றால் குறியிட்டுவிட்டு அடுத்ததற்குப் போகப் பழக வேண்டும். எதையும் பாதியில் விட மனமில்லாத பிள்ளைகளுக்கு இது மிகவும் கஷ்டம். அவர்களுக்குத்தான் மிகவும் தேவை.

தேர்வறையிலிருந்து வந்ததும் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி “எத்தனை மார்க்?” என்றிருந்தால், பிள்ளை சுலபமான தேர்வுகளாகத் தேடி எழுதும், அல்லது எழுதியதையே மறைக்கும். “போன தடவை வந்த தவறுகளில் எது இந்த முறை வரவில்லை?” என்று கேளுங்கள். ஒரு தேர்வின் மார்க்கை வைத்து முடிவு கட்டாதீர்கள். வினாத்தாள் கடினமாக இருந்தாலே ஏற்ற இறக்கம் இருக்கும். கடைசி மூன்றின் சராசரி மேலே போகிறதா என்று பாருங்கள். ஐந்தாறு தேர்வுகளாக அது அசையவே இல்லை என்றால், தேர்வுகளை நிறுத்திவிட்டு ஒரு வாரம் பலவீனமான பாடங்களை மட்டும் படிக்கட்டும். தூக்கமே வராத அளவு பயம், தேர்வன்று வாந்தி, மூச்சுத்திணறல் என்றால் மார்க் பேச்சை ஒதுக்கிவிட்டு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

கடைசிப் பத்து நாளில் புதிய பாடம் வேண்டாம். விட்டுப்போனது விட்டுப்போனதாகவே இருக்கட்டும். உண்மைத் தேர்வு நடக்கும் அதே மணியில் இரண்டு முழுத் தேர்வுகள் எழுதட்டும். கடைசி இரண்டு நாள் தேர்வே இல்லாமல், தவறுகள் நோட்டில் அடிக்கப்படாமல் மிஞ்சியிருப்பவற்றை மட்டும் பார்க்கட்டும்.