முதல் செமஸ்டரிலேயே இரண்டாம் வருடத்தை யோசியுங்கள்

உங்கள் மெயிலை இரண்டு முறை படித்தேன் அம்மா. பாடத்தைப் பற்றி ஒரு வரி, ஃபீஸைப் பற்றி ஒரு வரி. மீதி முழுக்க, பொங்கல் விழாவில் யாராவது "பையன் எங்கே சேர்ந்திருக்கிறான்?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதுதான். அப்பா டாக்டர், பையன் போர்ட்டர்வில் கம்யூனிட்டி காலேஜா என்று கேட்பார்களே என்கிறீர்கள்.

கம்யூனிட்டி காலேஜ் என்றதும் நம் ஆட்களுக்குப் பத்தாவது ஃபெயில் ஆனவர்கள் போகும் டுடோரியல் காலேஜ்தான் ஞாபகம் வருகிறது. இது அது இல்லை. கலிஃபோர்னியாவில் அரசு நடத்தும் இந்தக் கல்லூரிகள் 116 இருக்கின்றன. முதல் இரண்டு வருடப் பாடத்தை இங்கே முடித்துவிட்டு மூன்றாம் வருடத்துக்குப் பல்கலைக்கழகம் மாறுபவர்களுக்கென்றே வழி போட்டு வைத்திருக்கிறார்கள். கடைசியில் கையில் வரும் பட்டத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும். உங்கள் கணவர் ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்யும் நர்ஸ்கள் எங்கே படித்தார்கள் என்று ஒரு நாள் கேட்டுவரச் சொல்லுங்கள். டாக்டர் கிடைக்காத ஊர் என்பதால்தானே விசா நிபந்தனைப்படி அவர் அங்கே மூன்று வருடம் வேலை பார்க்க வந்தார்? அப்படிப்பட்ட ஊரில் நர்ஸ்களை உருவாக்கித் தருவது இந்தக் கல்லூரிகள்தான்.

பணக் கணக்கு சுலபம். பாடத்தின் அளவை யூனிட் என்று கணக்கிடுவார்கள், ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். வருடத்துக்கு 30 யூனிட் எடுத்தால் 1,380 டாலர். யூசி எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் மட்டுமே வருடத்துக்கு 14 ஆயிரம் டாலருக்கு மேல், தங்கும் செலவும் சாப்பாட்டுச் செலவும் தனி. ஆனால் 46 டாலர் உள்ளூர்க்காரர்களுக்குத்தான். நீங்கள் கலிஃபோர்னியாவில் நிரந்தரமாகக் குடியிருக்கத் தொடங்கி ஒரு வருடமும் ஒரு நாளும் ஆகியிருக்க வேண்டும். வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசாவில் இருப்பவர்களும் உள்ளூர்க்காரராகத் தகுதி பெறலாம். வாடகை ஒப்பந்தம், வரிக் கணக்கு, வண்டி ரிஜிஸ்ட்ரேஷன் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். எச்-4 பிள்ளைகளுக்கு அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவித்தொகை கிடையாது, அதனால் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

சரி, நீங்கள் கேட்காத, ஆனால் எனக்குக் கவலையாக இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

நகரத்துக் கல்லூரியில் கால்குலஸ் வகுப்பு காலை, மதியம், இரவு என்று பல இருக்கும். கிராமப்புறத்துச் சிறிய கல்லூரியில் சில பாடங்களை வருடத்துக்கு ஒரு முறைதான் நடத்துவார்கள். மூன்றாவது கால்குலஸ், இன்ஜினியரிங் பிசிக்ஸ் மாதிரி பாடங்களுக்கு ஆள் சேராவிட்டால் வகுப்பையே ரத்து செய்வதும் உண்டு. தம்பி மெக்கானிக்கல் எடுக்க ஆசைப்படுகிறான். முதல் கால்குலஸ் முடித்தால்தான் இரண்டாவது, இரண்டாவது முடித்தால்தான் மூன்றாவது. பிசிக்ஸும் கால்குலஸின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் வரும். முதல் செமஸ்டரில் "மெதுவாக ஆரம்பிக்கலாம்" என்று கணக்கை விட்டுவிட்டு சுலபமான பாடங்களாக எடுத்தால், இரண்டு வருடம் அங்கேயே மூன்றாகிவிடும். நான் பார்த்த வரையில் பிள்ளைகள் சறுக்குவது பாடத்தின் கடினத்தால் இல்லை, இந்த வரிசையில் ஒரு படியைத் தவறவிடுவதால்தான். பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தரத் தேர்வான ஏபி கால்குலஸில் நல்ல மதிப்பெண் இருந்தால் அதைக் கல்லூரிக்கு அனுப்பச் சொல்லுங்கள், ஒரு படி மிச்சமாகும்.

அசிஸ்ட் என்று ஓர் அதிகாரப்பூர்வ இணையதளம் இருக்கிறது. போர்ட்டர்வில்லில் எடுக்கும் எந்தப் பாடத்தை எந்த யூசி வளாகம், எந்த கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) வளாகம் எந்தப் பாடமாக ஏற்றுக்கொள்ளும் என்று அதில் வரிக்கு வரி இருக்கும். யூசி மெர்செட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், அப்புறம் தம்பி ஆசைப்படும் யூசி டேவிஸ், மூன்றுக்கும் அச்செடுத்துச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். அங்கே இல்லாத பாடத்தை விசாலியாவில் இருக்கும் காலேஜ் ஆஃப் த செக்கோயாஸில் எடுக்கலாம், அல்லது வேறொரு கம்யூனிட்டி காலேஜின் ஆன்லைன் வகுப்பில் சேரலாம். விசாலியாவுக்கு வண்டியில் போவதென்றால் குளிர்காலத்துக் காலை வகுப்பு வேண்டாம். அந்தப் பள்ளத்தாக்கின் டூலி மூடுபனி உங்களுக்கே தெரியும், முன்னால் போகும் லாரியின் பின்விளக்குகூடக் கண்ணுக்குத் தெரியாது.

டேவிஸ், மெர்செட் உட்பட ஆறு யூசி வளாகங்களில் டேக் என்ற இட உத்தரவாதம் உண்டு. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியாகோ அதில் இல்லை. எல்லாப் பாடப்பிரிவுக்கும் டேக் கிடையாது என்பதால் இன்ஜினியரிங்கை எந்த வளாகம் சேர்த்துக்கொள்கிறது என்று அந்த வருடக் கையேட்டைப் பாருங்கள். டேக்குக்கு விண்ணப்பிக்கும் மாதம் செப்டம்பர். அதாவது தம்பி இரண்டாம் வருடத்தில் காலடி வைத்த உடனே. அப்போது அவன் கையில் இருப்பது முதல் வருடத்து மார்க் மட்டும்தான். இரண்டு வருடப் படிப்பு என்பது பேச்சுக்குத்தான் அம்மா, அட்மிஷனைப் பொறுத்தவரை முதல் வருடம்தான் எல்லாம்.

இன்னொன்று விசா. 21 வயது முடிந்தால் எச்-4 போய்விடும். இப்போது 18 என்றால், ஒழுங்காக நகர்ந்தால் யூசியில் முதல் வருடம் படிக்கும்போது 21 வந்துவிடும். அப்போது எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும், வெளியாள் கட்டணம் விழவும் வாய்ப்புண்டு. அந்தக் கட்டணம் எத்தனை செமஸ்டருக்கு விழும் என்பதுதான் கணக்கு. கம்யூனிட்டி காலேஜில் ஒரு வருடம் கூடுதலாகத் தங்கினால், இங்கே மிச்சம் பிடித்த பணமெல்லாம் அங்கே கரைந்துவிடும். கிரீன் கார்டு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று வழக்கறிஞரிடம் இந்த மாதமே பேசுங்கள்.

தம்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவன் சிநேகிதர்கள் சான் டியாகோ, இர்வைன் என்று போட்டோ போடுவார்கள். அவன் அதே அறையில், அதே ஆரஞ்சுத் தோட்டங்களைத் தாண்டிக் கல்லூரிக்குப் போய் வருவான். அக்டோபர் வாக்கில் முகம் வாடும். அந்த நேரத்தில் "நாங்கள் அப்போதே சொன்னோம்" என்று ஆரம்பிக்காதீர்கள். சின்னக் கல்லூரியில் பிசிக்ஸ் வகுப்பில் ஆட்கள் கொஞ்சம்தான், ஆசிரியருக்கு அவன் பெயர் தெரிந்திருக்கும். அவர் ஆபீஸ் நேரத்தில் வாரம் ஒரு தடவை போய் உட்காரச் சொல்லுங்கள்.

கவுன்சலரைப் பார்க்க இப்போதே நேரம் வாங்கிவிடுங்கள், ஆகஸ்ட் நெருங்கினால் கிடைக்காது. நீங்கள் உடன் போகலாம், ஆனால் அவனே பேசட்டும். அவன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மூன்றாவது கால்குலஸும் இரண்டாவது பிசிக்ஸும் எந்தெந்த செமஸ்டரில் நடக்கும் என்பது. பதிலை எழுதிக்கொண்டு வந்து எனக்கு அனுப்புங்கள், நான்கு செமஸ்டர் அட்டவணையைச் சேர்ந்து போடலாம். பொங்கல் விழாவில் கேட்பவர்களிடம் போர்ட்டர்வில் காலேஜில் மெக்கானிக்கல் என்று சொல்லிவிட்டு, வடை தீர்வதற்குள் சாப்பிடப் போங்கள்.