கேள்வி – பதில்: கசியும் நுண்பாய்மச் சில்லு

கேள்வி: மருந்துப் பரிசோதனைக்காக பி.டி.எம்.எஸ். என்ற சிலிக்கோன் ரப்பரில் நுண்பாய்மச் சில்லு (மிக நுண்ணிய கால்வாய்களில் திரவம் ஓடும் சிறு தகடு) செய்கிறோம். சில இடங்கள் இறுகாமல் பிசுபிசுக்கின்றன. கண்ணாடியில் ஒட்டிய பிறகும் ஓரத்தில் கசிகிறது. எங்கே தவறுகிறோம்?
– ஆராய்ச்சி மாணவி, கோவை

பதில்: இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

பிசுபிசுப்புக்கு முதலில் கையுறையைச் சந்தேகியுங்கள். பி.டி.எம்.எஸ்.க்குப் பலரும் வாங்கும் சில்கார்டு 184 பிளாட்டினம் வினையூக்கியால் இறுகுவது. லேடெக்ஸ் கையுறையின் கந்தகம் பட்டால் அந்த வினையூக்கி செயலிழக்கும், அமீன்கள் என்ற நைட்ரஜன் சேர்மங்கள் பட்டாலும் அப்படியே. கந்தகம் சேராத நைட்ரைல் அல்லது வினைல் கையுறைக்கு மாறுங்கள். அடுத்த காரணம் கலவை. எடையில் 10 பங்கு பிசினுக்கு 1 பங்கு இறுக்கி. தராசில் நிறுத்தே ஊற்ற வேண்டும். கோப்பையின் சுவரையும் அடியையும் வழித்துக் கலக்குங்கள். வெற்றிடக் கலத்தில் குமிழி முழுதும் அடங்கிய பின் 70 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம் சூடேற்றுங்கள்.

கசிவுதான் பலரை அலைக்கழிப்பது. ஒட்டுவதற்கு முன் காட்டும் ஆக்சிஜன் பிளாஸ்மா (மின்னேற்றம் பெற்ற வாயு), சிலிக்கோன் மேற்பரப்பிலுள்ள மெத்தில் தொகுதிகளை நீக்கி ஹைட்ராக்சில் தொகுதிகளை உண்டாக்குகிறது. கண்ணாடியோடு பிணைபவை அவைதாம். வலுவாக ஒட்டட்டும் என்று பிளாஸ்மாவை நீட்டினால், மேற்பரப்பு கண்ணாடிபோல் கெட்டியாகி நுண்விரிசல் விடும். அந்த விரிசல் வழியே நீர் கசியும். 30 விநாடியில் தொடங்கி, உங்கள் கருவிக்கு ஏற்ப முன்பின் மாற்றிப் பாருங்கள். சோதனைத் துண்டில் ஒரு சொட்டு நீர் விடுங்கள்: பரவினால் சரி, முத்தாக நின்றால் ஒட்டாது. பிளாஸ்மா முடிந்த கையோடு இரண்டையும் சேர்த்துவிடுங்கள். தாமதித்தால் உள்ளிருந்து சிறு சிலிக்கோன் மூலக்கூறுகள் மேலேறி, பரப்பு மறுபடி நீரை விலக்கத் தொடங்கிவிடும். சேர்த்தபின் 80 டிகிரியில் 10 நிமிடம் சூடேற்றினால் பிணைப்பு உறுதிப்படும். தூசி இருந்தால் இவ்வளவும் வீண். பிளாஸ்மாவுக்கு முன்பே ஒட்டுநாடாவால் சிலிக்கோனைச் சுத்தம் செய்யுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நீரை விலக்கும் சிறு மருந்து மூலக்கூறுகளை இந்தச் சிலிக்கோன் உறிஞ்சிக்கொள்ளும். செல்களுக்குப் போய்ச்சேரும் மருந்தளவு குறையும். மருந்துக்கு வீரியம் இல்லை என்று தவறாக எழுதிவிடுவீர்கள். செல் இல்லாமல் மருந்துக் கரைசலை ஓடவிட்டு, உள்ளே போகும் செறிவையும் வெளியே வரும் செறிவையும் எச்.பி.எல்.சி.யில் (கரைசலிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) அளக்க வேதியியல் துறையினரைக் கேளுங்கள். இழப்பு பெரிதென்றால் கண்ணாடிச் சில்லுக்கு மாறுவதே நல்லது.

கேள்வி: எங்கள் கல்லூரியில் தூய்மை அறை (தூசி வடிகட்டிய ஆய்வகம்) இல்லை. சில்லுக்குச் சிலிக்கோனை ஊற்றி வார்க்கும் அச்சை எங்கே செய்வது?
– உதவிப் பேராசிரியர், மதுரை

பதில்: மத்திய அரசு ஆதரவில் நடக்கும் ஐ.என்.யு.பி. (இந்திய நானோ மின்னணுவியல் பயனர் திட்டம்) வழியாக, பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், சென்னை ஐ.ஐ.டி. போன்றவற்றின் தூய்மை அறைகளைப் பிற கல்லூரி ஆய்வாளர்கள் பயன்படுத்த விண்ணப்பிக்கலாம். எஸ்.யு.-8 என்ற ஒளியால் இறுகும் பிசினில் செய்த அச்சு கிடைத்ததும், ஒட்டாமல் தடுக்கும் ஃப்ளூரோசிலேன் ஆவியை அதற்குக் காட்டிவிடுங்கள். இல்லையேல் சிலிக்கோனை உரிக்கும்போது அச்சும் பெயர்ந்து வந்துவிடும்.