நீலக்கல்லின் நடுவில் மட்டும் ஏன் நிறம் இல்லை?

கேள்வி: முட்டை வடிவ நீலக்கல் மோதிரம் வாங்கினேன். கடை வெளிச்சத்தில் முழுக்க ஜொலித்தது. பகல் வெளிச்சத்தில் பார்த்தால் நடுப்பகுதி வெளிறியும், ஓரங்கள் கறுத்தும் இருக்கின்றன. போலிக் கல்லா? மறுபடி பட்டை தீட்டினால் சரியாகுமா?

பதில்: நடுவில் வெளிறித் தெரிவதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. அது பட்டை தீட்டியதில் உள்ள குறை. தொழிலில் இதை 'ஜன்னல்' என்பார்கள். அச்சிட்ட தாளுக்கு மேல் மோதிரத்தைப் பிடித்து, கல்லை நேர் மேலிருந்து பாருங்கள். அடியில் இருக்கும் எழுத்து நடுப்பகுதி வழியாகத் தெரிந்தால் அதுதான்.

கல்லுக்குள் நுழையும் ஒளி அடிப்பக்கப் பட்டைகளில் பட்டு, திரும்பி மேலே வந்தால்தான் நிறம் நம் கண்ணுக்கு வரும். நீலக்கல்லின் ஒளிவிலகல் எண் (கல் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) சுமார் 1.76. அதனால் அதன் மாறுநிலைக் கோணம், அதாவது ஒளி வெளியேறாமல் உள்ளேயே திரும்பத் தொடங்கும் கோணம், ஏறக்குறைய 35 டிகிரி. அடிப்பட்டைகளின் சரிவு அதைவிடக் குறைந்தால், நேராக இறங்கும் ஒளி திரும்பாமல் கீழேயே வெளியேறிவிடும். செவ்வந்திக்கல்லின் (ஊதா நிற அமெதிஸ்ட்) ஒளிவிலகல் எண் 1.54தான், அதற்கு 40 டிகிரிக்கு மேல் சரிவு வேண்டும். ஆகவே 38 டிகிரியில் தீட்டினால் நீலக்கல் ஒளிரும், செவ்வந்திக்கல்லில் ஜன்னல் விழும். கல்லுக்குக் கல் கோணம் மாறுவது இதனால்தான்.

தெரிந்தும் ஏன் தட்டையாகத் தீட்டுகிறார்கள்? பெரும்பாலும் எடைக்காக. மூலக்கல் தட்டையாக இருந்தால், சரியான கோணத்துக்குப் போகும்போது கல் சிறுத்துவிடும். ஆனால் மிகக் கருத்த கற்களை வேண்டுமென்றே ஆழம் குறைத்துத் தீட்டுவதும் உண்டு. ஒளி கல்லுக்குள் கடக்கும் தூரம் குறையக் குறைய நிறம் வெளுக்கும். அங்கே அது நல்ல வேலைதான்.

ஓரத்துக் கருமை வேறு விஷயம். மோதிரத்தை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். கருப்புத் திட்டுகள் இடம் மாறினால் அது கல்லின் நிறம் அல்ல. அந்தப் பட்டைகள் உங்கள் தலை மறைக்கும் இருட்டைக் காட்டுகின்றன. கடையில் பல பக்கங்களிலிருந்தும் சிறு விளக்குகள் அடிப்பதால் இது தெரியாமல் போயிருக்கும். அதனால் கல் வாங்கும்போது விளக்கடியை விட்டு நகர்ந்து வந்து பார்ப்பது நல்லது.

செலவு செய்வதற்கு முன் மோதிரத்தின் பின்பக்கத்தை இளஞ்சூடான சோப்புத் தண்ணீரிலும் மென்மையான பிரஷ்ஷிலும் கழுவுங்கள். கல்லின் அடியில் எண்ணெய்ப் படலம் ஒட்டினால், நன்றாகத் தீட்டிய கல்லில்கூட ஒளி கசியும். (மரகதத்தில் விரிசலுக்குள் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள், அதற்குச் சூடு கூடாது.)

அப்புறமும் ஜன்னல் இருந்தால் மறுதீட்டலை யோசிக்கலாம். ஆனால் முதலில் கல்லைக் கழற்றி, வெள்ளைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுப் பக்கவாட்டில் பாருங்கள். நீலக்கல்லில் நிறம் பரவலாக இல்லாமல் அடிமுனையில் மட்டும் திரண்டிருக்கலாம். அந்த முனையைத் தொட்டால் முகப்பு நிறமே போய்விடும். அப்படியானால் விட்டுவிடுங்கள். நிறம் பரவலாக இருந்தால், எவ்வளவு எடையும் அகலமும் குறையும் என்று தீட்டுபவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

போலியா என்ற சந்தேகத்துக்கு ஆய்வகம்தான் வழி. செயற்கை நீலக்கல்லுக்கும் ஒளிவிலகல் எண் இதேதான் என்பதால், உள்ளே இருக்கும் வளர்ச்சிக் கோடுகளையும் கலப்புகளையும் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியிருக்கும்.